மருந்து ஊற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் மீன் தொட்டி இருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். தொட்டி இல்லாதவர்களும் வாசிக்கலாம். ஏனென்றால் விஷயம் மீனோடு முடியவில்லை, நம் பிள்ளைகளுக்கு நாம் மருந்து கொடுக்கும் பழக்கம் வரை போகிறது.

பெருநாள் காசு கைக்கு வந்ததும் இப்போது நிறையப் பிள்ளைகள் கேட்பது மீன் தொட்டிதான். இரண்டு அடி கண்ணாடித் தொட்டி, ஒரு ஃபில்டர், கலர் கல், நாலு கோல்ட் ஃபிஷ், ஆறு கப்பி, ஒரு டேங்க் கிளீனர் எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு வந்து சேரும். முதல் இரண்டு நாள் வீடே தொட்டியைச் சுற்றி நிற்கும். ஒரு கிழமை போனதும் ஒரு மீன் மூலையில் ஒதுங்கும். இன்னொன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். உடனே வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு போட்டோ வரும்: "மீனுக்கு வருத்தம், என்ன மருந்து?"

பத்து நிமிடத்தில் பத்துப் பதில் வந்துவிடும். "மெதிலீன் புளூ ஊத்துங்க." "கல்லுப்பு ஒரு கைப்பிடி போடுங்க." "டெட்ராசைக்ளின் கெப்சூல் ரெண்டு உடைச்சுப் போடுங்க, சுகமாகும்." எல்லோரும் மருந்தின் பெயரைச் சொல்வார்கள், நோயின் பெயரை ஒருவரும் சொல்வதில்லை. தொட்டி எத்தனை லீற்றர், வைத்து எத்தனை நாள், தண்ணீர் கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்பவரும் இல்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நோய் என்னவென்று பார்க்காமல் தொட்டிக்குள் மருந்து ஊற்றும் பழக்கத்தை நாம் விட வேண்டும். அதிலும் மனிதர்களுக்கான அன்டிபயோடிக்கைப் பிரித்து மீன் தொட்டியில் கொட்டுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

*முதல் காரணம்: பல நேரங்களில் அது நோயே இல்லை, தண்ணீர்தான்*

மீன் வெளியேற்றும் கழிவில் முக்கியமானது அமோனியா. அதில் பெரும்பகுதி பூ (செவுள்) வழியாகத் தண்ணீரில் கலக்கிறது. மிச்சம் விழுந்த உணவும் அழுகி அமோனியாவாகிறது. குளத்திலும் ஆற்றிலும் தண்ணீர் கூட, மீன் குறைவு. வீட்டுத் தொட்டியில் மீன் தன் கழிவுக்குள்ளேயே இருந்து மூச்சு விட வேண்டும்.

விஞ்ஞானப் பாடத்தில் நைதரசன் வட்டம் என்று அம்புக்குறி போட்டு வரைகிறோமே, அந்த வட்டம் அப்படியே தொட்டிக்குள்ளும் நடக்கிறது. ஒரு கூட்டம் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைத்திரைற்றை, அவ்வளவு நஞ்சில்லாத நைத்திரேற்றாக மாற்றும். நாம் தண்ணீர் மாற்றும்போது அந்த நைத்திரேற்று வெளியே போகும். இந்தப் பற்றீரியாக்கள் ஃபில்டரின் ஸ்பொஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் போதுமான அளவு பெருகுவதற்கு ஏறக்குறைய 4 முதல் 6 கிழமை எடுக்கும். புதுத் தொட்டியில் முதல் நாளே பத்து மீனை விட்டால் அந்த 6 கிழமையையும் மீன்கள் நஞ்சுக்குள்தான் கடக்க வேண்டும். மேலே சொன்ன "ஒரு கிழமையில் வருத்தம்" பெரும்பாலும் இதுதான்.

அமோனியா பூவைச் சுடும். நைத்திரைற்று இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினைக் கெடுத்துவிடும். அப்போது தண்ணீரில் ஒட்சிசன் இருந்தாலும் இரத்தத்தால் அதைக் காவ முடியாது. மீன் மேற்பரப்பில் வந்து வாயைத் திறக்கும், பூ சிவப்பு மாறிக் கபில நிறமாகத் தெரியும். சந்தையில் மீன் வாங்கும்போது பூவைத் தூக்கிப் பார்ப்பவர்கள் நாம். உயிரோடு இருக்கும் மீனுக்கும் அது நல்ல அடையாளம்தான்.

இன்னொரு விஷயம் பி.எச். பெறுமானம். தண்ணீர் 28 பாகை சூட்டில் இருந்து பி.எச். 7 ஆக இருந்தால், மொத்த அமோனியாவில் 100 இல் ஒரு பங்குகூட நஞ்சான வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் அது 6 அல்லது 7 பங்காகிவிடும். ஏறக்குறைய பத்து மடங்கு. யாழ்ப்பாணம், புத்தளம் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் கிணறுகளின் தண்ணீர் வன்னீர், காரத் தன்மை கொண்டது. மாதக்கணக்காக மாற்றாத பழைய தொட்டித் தண்ணீரோ மெல்ல மெல்ல அமிலப் பக்கம் போயிருக்கும். அந்தத் தண்ணீர் முழுவதையும் "சுத்தமாக்குகிறோம்" என்று ஒரே நாளில் மாற்றினால் மீன் பழகியிருந்த தண்ணீர் ஒரேயடியாக வேறாகிவிடும். பாதியை மாற்றினாலும் மீதியில் தேங்கியிருக்கும் அமோனியா சட்டென்று நஞ்சான வடிவத்துக்கு மாறலாம். அடுத்த நாள் காலையில் மீன் மிதந்தால் புதுத் தண்ணீரில் கிருமி என்று நினைப்போம். அங்கே நடந்தது இரசாயனம்.

பைப் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. அதுவும் பூவைச் சுடும், ஃபில்டரில் உள்ள நல்ல பற்றீரியாவையும் கொல்லும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெருமளவு போய்விடும். கடையில் விற்கும் அன்டி குளோரினும் சரியான அளவில் பாவிக்கலாம். ஃபில்டர் ஸ்பொஞ்சைப் பைப்புக்கு அடியில் பிடித்துக் கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

*இரண்டாவது காரணம்: வெளியில் ஒரே மாதிரி, உள்ளே வேறு வேறு*

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தது, அவதானம் வேறு, அனுமானம் வேறு என்பது. "மீனின் உடம்பில் வெள்ளையாக இருக்கிறது" என்பது அவதானம். "மீனுக்குப் பங்கசு" என்பது அனுமானம். இரண்டுக்கும் இடையில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

வெள்ளை என்பதையே எடுத்துக்கொள்வோம்.

சீனி தூவியது போலச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், மீன் கல்லில் உடம்பை உரசுகிறது என்றால் அது பெரும்பாலும் வெண்புள்ளி நோய். இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒட்டுண்ணியால் வருவது. வெல்வெட் நோயில் புள்ளி அதைவிட நுண்ணியது, பொன்தூள் போல மின்னும். அறையை இருட்டாக்கி டோர்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால்தான் பிடிபடும். பஞ்சு ஒட்டியது போல, காயம் பட்ட இடத்தில் மட்டும் வளர்ந்திருந்தால் உண்மையான பங்கசாக இருக்கலாம். வாயைச் சுற்றியோ முதுகில் சேணம் போட்டது போலவோ வெளிறிய பஞ்சு மாதிரிப் படிந்தால் அது கொலம்னாரிஸ் ஆக இருக்கலாம். பார்க்கப் பங்கசு போலவே இருக்கும், ஆனால் அது பற்றீரியா.

இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் என்ன நட்டம்? வெண்புள்ளிக்குத் தண்ணீரின் சூட்டை 30 பாகைக்குக் கொஞ்சம் மேலே உயர்த்துவது பழக்கத்தில் உள்ள சிகிச்சை. கொலம்னாரிஸ் நோய்க்குச் சூடுதான் தீனி. சூடு ஏற ஏற அது வேகமாகப் பரவும். ஒரு நோய்க்கு உதவும் சிகிச்சை, பக்கத்து நோய்க்கு எமனாகிவிடுகிறது. வட்ஸ்அப்பில் "சூடு கூட்டுங்க" என்று எழுதியவர் மீனைப் பார்த்திருக்கவே மாட்டார்.

வெண்புள்ளியிலேயே இன்னொன்று உண்டு. நாம் காணும் புள்ளி, தோலுக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணி. அந்த நிலையில் மருந்து அதைத் தொடாது. அது முதிர்ந்து கழன்று தொட்டியின் அடியில் போய் ஒட்டி, நூற்றுக்கணக்கில் குஞ்சுகளாகப் பிரிந்து நீந்தும்போதுதான் மருந்துக்கு அகப்படும். ஆகவே மருந்து போட்ட மூன்றாம் நாள் புள்ளி போய்விட்டது என்று நிறுத்தினால் நோய் சுகமானதாக அர்த்தமில்லை. அது அடியில் பெருகிக்கொண்டிருக்கிறது. அடுத்த கிழமை இரண்டு மடங்காக வரும், "மருந்து சரியில்லை" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். புள்ளி மறைந்த பிறகும் பல நாட்கள், பெட்டியில் சொன்ன காலம் முடியும்வரை, சிகிச்சை தொடர வேண்டும்.

வயிறு வீங்கிச் செதில்கள் அன்னாசித் தோல் போலச் சிலிர்த்து நிற்பதை ஒரு நோயின் பெயராகச் சொல்கிறார்கள். அது ஓர் அறிகுறி மட்டுமே. உள்ளே சிறுநீரகம் வேலை செய்யாமல் உடம்பில் நீர் தேங்கியிருப்பதைக் காட்டுகிறது. அந்த நிலைக்கு வந்த மீன் பிழைப்பது அரிது. உருண்டைக் கோல்ட் ஃபிஷ் தலைகீழாக மிதந்தால் உடனே கிருமி என்று எண்ண வேண்டாம். அதிக உணவும் மலச்சிக்கலும் காற்றுப்பையை அழுத்துவதாலும் அப்படி வரும். இரண்டு மூன்று நாள் உணவை நிறுத்திப் பார்ப்பதுதான் முதல் வைத்தியம்.

*மருந்துக்கு முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்வி*

1. எல்லா மீனுக்கும் ஒரே நேரத்தில் வந்ததா? அப்படியென்றால் முதல் சந்தேகம் தண்ணீர். ஒன்றுக்கு வந்து, பிறகு ஒவ்வொன்றாகப் பரவினால் தொற்று. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் என்றால் காயம், கடி, முதுமை ஆகியவற்றையும் யோசியுங்கள்.

2. கடைசி இரண்டு கிழமையில் என்ன மாறியது? புது மீன், புது உணவு, தண்ணீர் மாற்றம், கரண்ட் போனது, தொட்டிக்குப் பக்கத்தில் நுளம்பு மருந்து அடித்தது. கரண்ட் நீண்ட நேரம் போனால் ஃபில்டரில் உள்ள பற்றீரியாவுக்கும் ஒட்சிசன் இல்லை. 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த நாட்களை மறந்திருக்க மாட்டோம்.

3. தொட்டியில் எத்தனை லீற்றர்? நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 1000 ஆல் பிரியுங்கள். 60 × 30 × 30 என்றால் 54 லீற்றர். கல்லும் மணலும் கழித்தால் ஏறக்குறைய 45. இந்தக் கணக்கு இல்லாமல் "ஒரு மூடி", "ஒரு கைப்பிடி" என்று போடுவது சிகிச்சை ஆகாது.

4. அமோனியாவும் நைத்திரைற்றும் எவ்வளவு? டெஸ்ட் கிட்டில் இரண்டும் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் நோயைத் தேடுவதற்கு முன் தண்ணீரைச் சரிசெய்யுங்கள்.

5. மீன் என்ன செய்கிறது? மூச்சின் வேகம், செட்டையை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறதா, கல்லில் உரசுகிறதா, சாப்பிடுகிறதா, கழிவின் நிறம் என்ன. பத்து நிமிடம் தொட்டி முன் அமைதியாக உட்கார்ந்தால் இவை எல்லாம் தெரியும். ஃபோனில் வீடியோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கிட் இல்லையா? எந்தச் சந்தேகத்திலும் பெரும்பாலும் தீங்கில்லாத மூன்று காரியம் இருக்கிறது. உணவை ஒரு நாள் நிறுத்துங்கள். காற்றுக் குழாயைக் கூட்டி வையுங்கள். நம் நாட்டுச் சூட்டில் தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு: 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடிக்கும், 30 பாகையில் அது ஏழரைதான். மூன்றாவது, குளோரின் போன தண்ணீரால் காற்பங்கை மட்டும் மாற்றுங்கள், தேவையென்றால் அடுத்த நாளும் காற்பங்கு. மருந்தே இல்லாமல் இந்த மூன்றிலேயே எழும்பி நீந்தும் மீன்கள் பல.

*"உப்பும் நீல மருந்தும் காலம் காலமாகப் பாவிக்கிறோமே?"*

நல்ல கேள்வி. இரண்டும் நல்ல மருந்துதான், இடம் அறிந்து பாவித்தால்.

உப்பு லீற்றருக்கு 1 முதல் 3 கிராம் அளவில் பல மீன்களுக்கு உதவும். நைத்திரைற்று ஏறிய தொட்டியில் உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று பூ வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது. குறைந்த தண்ணீருக்கு ஊற்றும்போதெல்லாம் உப்பும் போட்டால் அளவு ஏறிக்கொண்டே போகும். நீர்த் தாவரங்களும் சில கெளுத்தி இனங்களும் உப்பைத் தாங்காது.

மெதிலீன் நீலம் 1876 இல் செயற்கையாக ஆக்கப்பட்ட சாயம். 1891 இல் போல் ஏர்லிக் அதை மலேரியாவுக்குக் கொடுத்துப் பார்த்தார். மீன் முட்டையில் பங்கசு பிடிக்காமல் காக்க இன்றும் பயன்படுகிறது. ஆனால் பிரதான தொட்டிக்குள் ஊற்றினால் ஃபில்டரில் உள்ள நல்ல பற்றீரியாவையும் பாதிக்கும். நோயைக் கொல்லப் போய் அமோனியாவை வரவழைத்த கதையாகும். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு காற்றுக் குழாய், மறைந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டு போதும், மீனுக்கு அதுதான் ஆஸ்பத்திரி வார்ட். மருந்தை அங்கே கொடுங்கள். புது மீனையும் முதல் 2 முதல் 4 கிழமை அதிலேயே வைத்துப் பாருங்கள். கடையிலிருந்து வந்த பையின் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். ஆனால் வெண்புள்ளி வந்துவிட்டால் மீனை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஒட்டுண்ணி தொட்டியின் அடியிலும் இருப்பதால் முழுத் தொட்டிக்கும் சிகிச்சை வேண்டும்.

*மூன்றாவது காரணம்: அந்தக் கெப்சூல் தொட்டியோடு நிற்பதில்லை*

டெட்ராசைக்ளின் வன்னீரில் கல்சியத்தோடு பிணைந்து வலுவிழந்துவிடும். வெளிச்சத்திலும் சிதையும். ஆகவே இரண்டு கெப்சூலைத் தொட்டியில் கொட்டும்போது மீனுக்குப் போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம். வெண்புள்ளி, வெல்வெட், அமோனியா எதற்கும் அது மருந்தும் இல்லை. ஆனால் அந்தக் கொஞ்சம், தண்ணீரில் உள்ள கோடிக்கணக்கான பற்றீரியாக்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போதும். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 இல் தன் நோபல் உரையிலேயே இந்த ஆபத்தைச் சொல்லிவிட்டார்: குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாது, மருந்தைத் தாங்கப் பழக்கிவிடும். பிறகு அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுகிறோம்? வளவில், கானில், கிணற்றுக்குப் பக்கத்து வாழை அடியில்.

இதே பழக்கம்தான் நம் வீடுகளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் நடக்கிறது. போன முறை மிஞ்சிய குளிசை, பக்கத்து வீட்டு மருந்து, பார்மசியில் துண்டில்லாமல் வாங்கிய அன்டிபயோடிக். தடிமனுக்குக் காரணம் வைரசு, அன்டிபயோடிக் வைரசை ஒன்றும் செய்யாது என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். வீட்டுக்குப் போன பிள்ளை காண்பது வேறு. தொட்டிக்குள் கெப்சூலை உடைத்துப் போடும் பெரியவரைப் பார்த்து வளரும் பிள்ளை, மருந்து என்றால் அனுமானத்தில் போடும் பொருள் என்று கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை நம்மால் கரும்பலகையில் அழிக்க முடியாது.

மீனுக்கு அன்டிபயோடிக் தேவைப்படும் நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. அப்போது உங்கள் பிரதேசத்துக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். வேறு தொட்டியில், சொன்ன அளவில், சொன்ன நாள் முழுவதும் கொடுங்கள்.

*கைக்கும் குளத்துக்கும் ஒரு எச்சரிக்கை*

மீனுக்கு வரும் கிருமிகளில் சில மனிதருக்கும் வரும். மைக்கோபக்டீரியம் மரினம் என்பது காசநோய்க் கிருமியின் உறவுக்காரன். 1926 இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களில் முதலில் அடையாளம் காணப்பட்டது. கையில் வெட்டுக்காயத்தோடு தொட்டியைக் கழுவினால் அந்த இடத்தில் ஆறாத கட்டியாக வரலாம், மாதக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டும். காயம் இருந்தால் கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தண்ணீரை உறிஞ்சக் குழாயில் வாய் வைக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். ஆறாத கட்டி இருந்தால், வீட்டில் மீன் தொட்டி இருப்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வளர்த்துக் களைத்துவிட்டோம் என்றோ, நோய் வந்துவிட்டது என்றோ மீனைக் குளத்திலும் ஆற்றிலும் விடுவது இரக்கம் அல்ல. தொட்டிகளிலிருந்து தப்பிய டேங்க் கிளீனர் நம் நாட்டுக் குளங்களில் பெருகி, மீன்பிடிக்கிறவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. நோயுள்ள மீன் அதோடு கிருமியையும் கொண்டுபோகும். செத்த மீனை உடனே எடுத்துப் புதையுங்கள்.

*"இத்தனூண்டு மீனுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?"*

இதுதான் அடிக்கடி கேட்கும் பேச்சு. செத்தால் இன்னொன்று வாங்கலாம் என்பார்கள். வாங்கலாம்தான். அதே தண்ணீரில் விட்டால் அதுவும் சாகும். மூன்று தடவை வாங்கிய மீனுக்கும், சும்மா ஊற்றிய மருந்துகளுக்கும் கொடுத்த காசைக் கூட்டிப் பாருங்கள். டெஸ்ட் கிட் விலை கூடத்தான். அதனால் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம், பாடசாலை விஞ்ஞான அறையில் ஒன்று வைக்கலாம்.

காசுக் கணக்கைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. கண்ணாடிக்குள் அடைத்து வைத்த உயிருக்குத் தப்பிப் போக வழியில்லை. பசித்தால் தேடப் போக முடியாது, தண்ணீர் கெட்டால் வேறு இடம் போக முடியாது. அது நம் கையில் உள்ள அமானிதம். விலை குறைவு என்பதால் பொறுப்பும் குறையாது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் தொட்டி இருந்தால் அதற்குப் பக்கத்தில் ஒரு கொப்பி தொங்கவிடுங்கள். திகதி, தண்ணீரின் சூடு, மாற்றிய அளவு, கொடுத்த உணவு, மீனின் நடத்தை ஆகியவற்றைப் பிள்ளைகள் முறை வைத்து எழுதட்டும். ஒரு மீன் ஒதுங்கினால் "என்ன மருந்து?" என்று கேட்காமல் "என்ன மாறியது?" என்று கொப்பியைப் புரட்டட்டும். நாளைக்கு அதே பிள்ளை வைத்தியராகலாம், தாயாகலாம், பார்மசிக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கலாம்.

இந்தப் பதிவுக்குக் கீழே மீனுக்கு மருந்து கேட்பவர்கள் நான்கு விஷயம் சேர்த்து எழுதுங்கள்: தொட்டி எத்தனை லீற்றர், வைத்து எத்தனை நாள், எத்தனை மீன், தண்ணீர் கடைசியாக மாற்றிய திகதி. தெரிந்தவர்கள் பதில் சொல்வோம். மருந்தின் பெயரை மட்டும் யாரும் எழுத வேண்டாம்.